வரிசையில் ஒரு கல்

"நாளை தண்ணீர் நாள். குடம் ஒழுகுகிறது, வரிசையில் கல்லை வைத்துவிட்டு வந்தேன்." அந்தக் காலத்தில் விடுதியில் படித்த எனக்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதம். செவ்வாய்க்கிழமை என்று போட்டிருக்கிறாள், தேதி இல்லை; எந்தக் குழாயடி என்றும் இல்லை.

இன்றும் செவ்வாய். தூத்துக்குடியில் எங்கள் பழைய தெருக் குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. சிவப்புக் குடத்துக்கும் பச்சைக் குடத்துக்கும் நடுவே ஒரு கல். யார் காலையாவது இடறுமே என்று எடுத்து, கூட்டிவைத்த வேப்பஞ்சருகின் ஓரம் போடுகிறேன்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடிவருகிறாள். "அண்ணாச்சி, அது என் எடம்லா! இன்னைக்கு விட்டா மூணு நாளைக்குத் தண்ணி கெடையாது."

பச்சைக் குடத்துக்காரி சிரிக்கிறாள். "ஏளா, ஒன் கல்லு நடந்து போயிட்டு. கடைசில போய் நில்லு."

"நான்தான் எடுத்தேன்" என்று கல்லை இருந்த இடத்திலேயே வைக்கிறேன். பச்சைக் குடம் ஒரு சாண் பின்னால் நகர்கிறது. குழாயில் முதலில் காற்று வருகிறது, பிறகு தண்ணீர்.

அம்மா கல் வைத்தது இதே குழாயடியில்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை.