ஒட்டுச்சடை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பார்லர் அக்கா. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. அதுதான் அவள் ராஜ்ஜியம். கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். "கத்தரிக்குத்தான் சாணை பிடிக்கணும், உன் வாய்க்குத் தேவையே இல்ல" என்பார் ஃபேன், மிக்சி பழுதுபார்க்கும் அவள் கணவர்.

அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்று கொஞ்சம் தள்ளி இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. அதன் பொறுப்பாளர் அம்மா, அக்காவிடம் சாயம் போட வருபவர். ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "உள்ள பேன் தொல்லை தாங்கலம்மா. பிள்ளைங்க தூங்காம சொறியுதுங்க. ஒரு நாள் வந்து பாக்குறியா?" என்று கேட்டார். கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமையில் அக்கா சீப்பும் மருந்துமாகப் போனாள். ஒரு நாள் என்று போனவள் திங்கள்தோறும் போகத் தொடங்கிவிட்டாள்.

தெரிந்த தொழிலையே அங்கே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முதல் நாள் வழக்கம்போலப் பின்னால் நின்று ஒருத்தியின் தலையில் கை வைத்தாள். அவள் நாற்காலியோடு சரிந்து சுவரோரம் சுருண்டுகொண்டாள். அதிலிருந்து, "கை வைக்கிறேம்மா" என்று சொல்லாமல் அக்கா யாரையும் தொடுவதில்லை. முகம் பார்க்கப் பிடிக்காதவர்களுக்குக் கண்ணாடியைத் திருப்பிவைப்பாள். சீப்பில் தட்டுப்படும் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவளைப் போன்ற வாயாடிக்கு அதுதான் பெரும்பாடு.

டீச்சர் வந்தது மழைக்காலத்தில். மழலையர் பள்ளியில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். கூடவே வாயே திறக்காத நாலு வயசு மகள். டீச்சருக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை.

"ஒட்ட வெட்டிடுங்கக்கா."

"இவ்ளோ நல்ல முடியையா? ஏன்மா?" அக்காவுக்கு வாய் தவறிவிட்டது.

டீச்சர் தன் சடையைத் தானே முன்னால் எடுத்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முஷ்டியை இறுக்கிக் காட்டினாள். "இப்படிப் பிடிச்சா, அப்புறம் அவர் இழுத்த பக்கம் போகணும்."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். ஒரு வாரம் யோசிக்கச் சொன்னாள். அடுத்த திங்களன்று வரிசையில் முதல் ஆள் டீச்சர்தான். சடையை அடியிலும் நுனியிலும் கட்டி முழுசாக வெட்டி எடுத்தாள் அக்கா. நோயில் முடி கொட்டியவர்களுக்குப் பொய்முடி செய்பவர்களிடம் கொடுக்கலாம் என்று அதைப் பையில் வைத்தாள். டீச்சர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். "கழுத்துல காத்து படுதுக்கா" என்று சிரித்தாள். குழந்தைக்குத்தான் அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுகை வந்துவிட்டது.

அடுத்த திங்களன்றே டீச்சரின் அப்பா எப்படியோ விலாசம் விசாரித்து வாசலில் வந்து நின்றார். பார்த்தால் நல்ல மனுஷர்.

"மாப்பிள்ளை என் முன்னாடியே அழுதுட்டாரும்மா. இனிமே கை நீட்டமாட்டேன்னு சொல்லியிருக்கார். உன் தங்கச்சிக்கும் இடம் பாக்குறோம். நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

போகிறேன் என்பவளைப் பிடித்துவைக்கக் காப்பகத்துக்கு அதிகாரம் இல்லை. பொறுப்பாளர் அம்மா தன்னால் ஆனமட்டும் பேசிப்பார்த்தார். டீச்சர் துணிப்பையோடு குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் கண் அப்போதுதான் மகளின் தலைமேல் போனது. "ஐயையோ, இந்தத் தலையோட உன்னை எப்படிக் கொண்டுபோய் விடுறது?"

டீச்சர் அக்காவை உள்ளே அழைத்துப் போனாள். "அந்தச் சடை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"வச்சுக் கட்டிவிடுங்க. வீட்டுக்குப் போய் மெதுவாச் சொல்லிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் வெறுந்தலையோடு போவாள். முதல் நாளே அதற்கும் அடி விழும். கல்யாணப் பெண்ணுக்குச் சடை வைத்தால் அக்கா தலை கொள்ளும் மட்டும் கொண்டையூசி குத்துவாள். அன்றைக்கு இரண்டே இரண்டு குத்தினாள், அதையும் மேலோட்டமாக.

"கை வைக்கிறேம்மா" என்று காதருகே குனிந்தாள். "இழுத்தா கையோட வந்துடும். புரியுதா?"

டீச்சர் தலையசைக்கவில்லை. சடை விழுந்துவிடும் என்று நிமிர்ந்தே நடந்து போனாள்.

சில மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். உதட்டில் தையல் போட்டிருந்தது. தனியாக வந்திருந்தாள்.

முடி வெட்டியதைப் புருஷனிடம் கடைசிவரை சொல்லாமல், தினமும் காலையில் தானே அந்தச் சடையை வைத்துக் கட்டிக்கொண்டாளாம், அக்கா குத்திய மாதிரியே இரண்டு ஊசியோடு. ஒரு சாயங்காலம் சாப்பாடு ஆறிப்போனதற்காக அவன் அவள் வாயில் குத்திவிட்டு, சடையைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் சடை கையோடு வந்து, அவன் மல்லாக்க விழுந்தான். அவள் எழுந்து ஓடினாள். தெருமுனை போய்த் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

"பாப்பா உள்ள ரூம்ல படம் வரைஞ்சிட்டிருந்தாக்கா" என்றாள். "நான் கூப்பிடக்கூட இல்ல."

அன்று வீட்டுக்கு வந்த அக்கா, "இறுக்கிக் குத்தியிருந்தா அவ குழந்தையை விட்டிருக்கமாட்டா" என்றாள் கணவரிடம்.

"அவளே இருந்திருக்கமாட்டா" என்றார் அவர்.

வழக்கு நடக்கிறது. வீட்டை விட்டு ஓடியவள் என்று அவன் தரப்பில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். குழந்தை அவன் வீட்டில். மாதத்தில் ஒரு திங்களன்று கோர்ட்டில் ஒரு மணி நேரம் பார்க்கலாம். அன்று அக்கா கத்தரியை எடுப்பதில்லை. டீச்சரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள்.

முதல் தடவை குழந்தை பாட்டியின் புடவையை விடவே இல்லை. போன தடவை மடியில் வந்து உட்கார்ந்ததாம். ஆனால் பேசவில்லை, அம்மா முகத்தையும் பார்க்கவில்லை.

டீச்சர் அதைச் சொல்லிவிட்டு வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டபோது அக்காவின் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. அவள் அழுவது முதுகில் தெரிந்தது. அடுத்த வேகத்தடை வந்தபோது அக்கா வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினாள்.