பட்டிப் பொங்கலன்று வந்த கொம்பனி

எங்கள் பால் கொம்பனியைக் கொழும்பில் ஒரு பெரிய கொம்பனி வாங்கிவிட்டது என்பதே, பெயர்ப்பலகையைக் கழற்ற ஆட்கள் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். மல்லாவிச் சேகரிப்பு நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்: முகாமையாளர், லொறிச் சாரதி, பாலைச் சோதிக்கிற நான். பால் குறைவாக வரும் நிலையங்களை மூடப்போகிறார்களாம் என்ற கதையும் கூடவே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

மார்கழியில் கொழும்பிலிருந்து தொலைபேசி. நிலையத்தைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டார்கள். முகாமையாளர் வெளியே போயிருந்தார். நான் பெரிய மனுஷிபோல, "பொங்கலுக்கு அடுத்தநாள் வாங்கோ, எல்லாரும் ஊரிலை நிப்பினம்" என்றேன். நான் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த, தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை. மீனைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மாட்டுக்கும் ஒரு பொங்கல் உண்டென்பது என் புத்தியில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு, முகாமையாளரிடம் சொல்லவும் மறந்து, பொங்கலன்று பின்னேரம்தான் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்தார். "நாளைக்குப் பட்டிப் பொங்கல், பிள்ளை! பால் முழுக்கக் கன்றுக்கும் பொங்கல் பானைக்கும்தான். எங்களுக்கு ஒரு சொட்டும் வராது."

கொழும்புக்குத் தொலைபேசி அடித்தோம். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை கொழும்பிலிருந்து அதிகாரி அம்மா வந்து இறங்கினார். பால் கான்கள் வெறுமையாக வரிசையில் நின்றன. அவர் அதைக் கொப்பியில் எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. "பிழை என்னிலைதான், மேடம். நாள் சொன்னது நான்" என்று கத்தியே விட்டேன்.

அந்த நேரம் பார்த்து, தினமும் பால் தருகிற ஒரு அம்மா பொங்கலோடு வந்தார்.

"ஏன் பால் இல்ல?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"வருசத்திலை ஒருநாள் கன்று வயிறு முட்டக் குடிக்கட்டுமன். நாளைக்கு விடிய வந்து பாருங்கோ" என்று சொல்லிப் பொங்கலை நீட்டினார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து ஊருக்கே விஷயத்தைச் சொல்லி, விடிய எல்லாரையும் பாலோடு வரச் சொன்னார்.

அதிகாரி வவுனியாவில் தங்கி மறுநாள் வந்தார். வரிசை றோட்டுவரை நின்றது. வேறிடத்துக்குப் பால் கொடுப்பவர்கள்கூட வந்திருந்தார்கள். கான்கள் போதாமல் தேநீர்க் கடையின் பெரிய கிடாரப் பாத்திரத்தை இரவல் வாங்கினோம். அதன் ஒரு பக்கத்தை அதிகாரியே பிடித்தார், சேலையெல்லாம் பால். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நிலையம் தப்பியது. அடுத்த வருடம் புதிய கொம்பனியின் கலண்டரில் பட்டிப் பொங்கலுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. 'பால் சேகரிப்பு இல்லை. சந்தேகமிருந்தால் மல்லாவி நிலையத்தைக் கேட்கவும்' என்று கீழே எழுதி, என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார்கள்.