ஏழாவது சீடர் கழுவிய எட்டாவது கால்

பெரிய வியாழன் அன்று என் வீட்டுக்காரர் சீடர் ஆனார்.

எங்கள் ஊர் கோயிலில் பன்னிரண்டு அன்பியம். அதாவது, பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்கள். குழுவுக்கு ஓர் ஆண் வீதம் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் கால் கழுவுவார்.

(பெண்கள் காலை எப்போது கழுவுவீர்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். "ஒங்க காலை வீட்லயே கழுவிக்கிடுங்க" என்றார்கள்.)

ஏழாவது குழுவுக்கு இந்த வருஷம் இவர். பெயர் ஜெரோம். துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்தார்.

புதன்கிழமை காலையிலேயே தக்கலைக்குக் கிளம்பினார்.

"எங்க போறிய?"

"பார்லருக்கு. காலைக் கொஞ்சம் கிளீன் பண்ணணும்."

"நாளைக்கு ஃபாதர் கழுவத்தானே போறாரு?"

"ஏட்டி, அழுக்குக் காலையா அவரு கையில குடுக்க முடியும்?"

திரும்பி வந்தபோது குதிகாலில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

மறுநாள் கோயிலில் வரிசையைப் பார்த்தால், இவர் மட்டுமில்லை. பதினோரு பேர் காலைக் கழுவி, பவுடரும் போட்டுக்கொண்டுதான் கால் கழுவ வந்திருந்தார்கள்.

மிச்சம் ஒருவர், எட்டாவது நாற்காலி. லாரன்ஸ். இவருடைய சொந்த அண்ணன். பகல் முழுக்கக் கடற்கரையில் வள்ளத்துக்குத் தார் பூசிவிட்டு, குளித்து, சட்டை மாற்றி ஓடி வந்திருந்தார். காலில் தார் அப்படியே இருந்தது.

கழுவ வேண்டிய கால் அந்தக் கோயிலில் அது ஒன்றுதான்.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம். காரணம் ஒரு கல். மாமாவின் (இவர்களுடைய அப்பா) கல்லறைக்குக் கல் வைத்தவர் இவர். அதில் 'அன்பு மகன் ஜெரோம்' என்று மட்டும் கொத்தியிருந்தது. படுக்கையில் கிடந்த மாமாவைக் கடைசி ஆறு மாதம் தூக்கி, துடைத்து, சோறூட்டிய மூத்த மகனின் பெயர் இல்லை.

கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: "இடம் பத்தல."

குழு எண் வரிசைப்படி அந்த இரண்டு பேரும் இப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இவர் தன் நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஃபாதருக்கு வயது அதிகம். ஆறு பேரைக் கழுவி முடித்தார். ஏழாவதாக இவர் முன்னால் முழங்காலிட்டு, இவருடைய பளபளக்கும் பாதத்தையும் கழுவி முத்தமிட்டார். பிறகு அவரால் எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மைக்கை வாங்கி அவர் சொன்னார். "எனக்கு முட்டு மடங்கல. மிச்சத்த நீங்களே கழுவுங்க. ஜெரோம், பக்கத்துல இருக்கவருக்குக் கழுவும்."

கோயிலில் பாட்டு நின்றுவிட்டது. எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

இவர் குனிந்து செம்பைப் பார்த்தார். "ஃபாதர், வெள்ளம் தீந்து போச்சி."

கோயில் பணியாளர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

வேறு வழியில்லாமல் இவர் முழங்காலிட்டார். அண்ணன் காலை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி பெஞ்ச் வரை கேட்டது.

"நல்லா தேச்சிக் கழுவுலே. தாராக்கும்."

தேய்த்தார். தார் போகவில்லை. வெள்ளைத் துண்டில் ஏறியது, இவருடைய பட்டு வேட்டியில் ஏறியது. கடைசியில் முத்தமும் கொடுத்தார். என் பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஒருசந்தி. ஒரே வேளை கஞ்சி குடித்து ஒறுத்தல் செய்யும் நாள். (தொட்டுக்கொள்ள எங்கள் தெருவில் சில வீடுகளில் ஒன்பது வகை. நான் வைத்தது ஆறுதான்.)

கஞ்சி ஆறுவதற்குள் இவர் ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிட்டார். முழங்காலில் இவர். மேலே 'தாழ்ச்சி' என்று ஒரு வார்த்தை. படத்தில் அண்ணனுடைய கால் இருந்தது, அண்ணன் இல்லை. முட்டுக்கு மேலே வெட்டியிருந்தார்.

"இது யாரு காலு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். துபாய்ல லைக் போடுதவனுக்குத் தெரியுமா? இங்கயும் இடம் பத்தலியோ?"

கஞ்சி பாதியில் நின்றது. சாயங்காலம் படத்தை எடுத்துவிட்டார். (அதற்குள் லைக் போட்ட நண்பர்கள் மன்னிக்கவும்.)

சனிக்கிழமை காலை தானாகவே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கல்லுல ஒம் பேரையும் கொத்திருவோம்."

அவர் நிமிரவில்லை. "எம் பேரு கெடக்கட்டு. அம்மைக்க பேரு எங்கலே?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அண்ணன் பெயரை விட்டதற்கு மூன்று வருஷமாக இவரைக் குத்திக் காட்டியவள் நான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தக் கல்லைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றியவளும் நான். மாமாவோடு நாற்பது வருஷம் வாழ்ந்த மாமியின் பெயர் அதில் இல்லாதது என் கண்ணிலும் படவில்லை.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "உயிரோட இருக்கவ பேர எதுக்கு மக்கா கல்லறையில கொத்துதிய? எனக்கு ரேஷன் கார்டுல பேரு இருந்தா போதும்."

ஆனாலும் கொத்துவதென்று முடிவாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை கல் கொத்துகிறவர் வருகிறார். மாமியின் பெயர் முதலில். அதில் தகராறு இல்லை.

அடுத்தது யார் என்பதில்தான் நேற்றிலிருந்து அண்ணனும் தம்பியும் போனில் சண்டை. மூத்தவன் நான் என்கிறார் அவர், கல் என்னுடையது என்கிறார் இவர்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொள்கிறார்களே என்று நான் குறுக்கே போகவில்லை.