பொறுப்பாளர் நேரில் வந்தார்

நம்புகிறவர்கள் நம்பட்டும். பிரான்சில், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடையெல்லாம் திறந்து, சனம் முட்டி மோதிக்கொண்டு திரிந்த நேரத்தில் நாகேஸ்வரிக்கு உண்மையாகவே நடந்தது இது. இட்டுக்கட்டிச் சொல்லத் தெரியாதவள் அவள். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்குவதில்லை. கண் மட்டும் நிறையும்.

அவளுடைய ஊர் வன்னியில் ஒரு சின்னப் பட்டினம். ஒரு சந்தை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு காவல் நிலையம். நிலையத்தின் பொறுப்பாளர் செபஸ்தியாம்பிள்ளை. சின்ன ஊரில் பொறுப்பாளர் என்றால் கள்ளனைப் பிடிப்பது மட்டுமா வேலை? வேலிச் சண்டையைத் தீர்க்க வேண்டும். காணாமல் போன மாட்டைத் தேட வேண்டும். குடித்துவிட்டு மனைவிக்கு அடித்தவனை ஓர் இரவு உள்ளே வைத்துப் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். இதில் பாதியை அவர் கீழே உள்ளவர்களிடம் விடுவார். ஒன்றை மட்டும் விட்டதே இல்லை. சாவுச் செய்தி சொல்வது. அதற்குத் தானே சைக்கிளில் போவார். வாசல் படலையடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்பார். அதைக் கண்டாலே வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும்.

2009 ஏப்ரலில், சண்டையில் இடம்பெயர்ந்து அந்த ஊரே கடற்கரையில் கிடந்தது. செல் குண்டு விழுந்து சனம் சிதறி ஓடிய ஒரு காலையில், ஏழு வயது மகள் தர்மிளா நாகேஸ்வரியின் கையை விட்டுப் போனாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் பொறுப்பாளரிடம் ஓடினாள். காவல் நிலையம் என்று அப்போது இருந்தது கூரைக்கு ஒரு தறப்பாளும் உட்கார ஒரு வாங்கும்தான். அவர் அன்றைக்கும் உடுப்புப் போட்டுத்தான் நின்றார். என்ன நிறச் சட்டை, எங்கே தழும்பு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவாளா என்று நிதானமாகக் கேட்டார்.

"நீ சின்னவனைக் கொண்டு போய், அங்காலை போற சனத்தோடை நில்லு தங்கச்சி. நான் தேடிப்போட்டு வந்து சொல்லுறன்."

இராணுவப் பக்கம் கடந்து போகிறவர்களின் வரிசையில் பின்னேரம் வரை நின்றாள். அவர் வரவில்லை. சனம் அவளையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

முகாம், கொழும்பு, பிறகு பிரான்சில் இருந்த கணவன் உதயனிடம். கார்ஜ் லே கொனெஸில் வீடு. ஊர்ப் பக்கம் எந்தச் சிறுவர் விடுதியில் அந்த வயதில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் உடனே ஃபோன் எடுப்பாள். "காணும், விடப்பா" என்பான் உதயன். அவள் விடவில்லை. பக்கத்தில் இருந்த மகனை விட, இல்லாத மகளோடுதான் அவள் அதிகம் வாழ்ந்தாள்.

2012 நவம்பர். மழை. பின்னேரம் நாலரை மணி. லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இராஜேந்திரனின் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சற்றுத் தள்ளி, மெத்ரோ பாலத்தடியில் ஒருவர் நின்றார்.

இளநீலச் சட்டை. தலையில் தொப்பி. அந்தக் குளிரில் கோட் கூட இல்லை.

கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. பையோடு ஓடினாள்.

"பொறுப்பாளர் அண்ணை! எப்ப வந்தனீங்கள்?"

"இப்பதான். உன்னைக் கண்டுபிடிக்கச் சுணங்கிப்போச்சு."

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. பாலத்தில் இருந்து தண்ணீர் அவர்மேல் ஒழுகியது. சட்டை நனையவில்லை. அவள் வாயில் இருந்து ஆவி பறந்தது. அவர் வாயில் இருந்து வரவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நேரே அவரை இடிக்க வந்தாள்...

இடிக்கவில்லை. அவருக்கு ஊடாக நேரே போய்விட்டாள்.

மேலே மெத்ரோ போனது. பாலம் அதிர்ந்தது.

சத்தம் கேட்கவில்லை.

வேறொரு சத்தம் கேட்டது... அலை.

அவர் கை மெல்லத் தலைக்குப் போனது.

"வேண்டாம் அண்ணை... கழற்றாதேங்கோ..."

கழற்றினார்.

"சொல்லவேணும் தங்கச்சி. அது என்ரை வேலை."

"தர்மிளா..."

"ஓம். தனிய இருக்கேல்லை. பயப்படவும் இல்லை."

தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார்.

"இனித் தேடாதை. சின்னவனைப் பார்."

திடீரென்று மெத்ரோவின் இரைச்சல் காதைப் பிளந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

ஒருவரும் இல்லை.

இராஜேந்திரன் குடையோடு ஓடிவந்தான். "அக்கா, ஆரோடை கதைச்சனீங்கள்?"

"நீ காணேல்லையோ?"

"இல்லை... நீங்கள் தனியத்தான் நிண்டனீங்கள்."

வீட்டுக்குப் போய் உதயனிடம் சொன்னாள். விடு, விடு என்று அத்தனை நாளும் சொன்னவன், நிலத்தில் குந்தி ஓவென்று அழுதான். தர்மிளாவின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த விடுதிக்கும் ஃபோன் எடுக்கவில்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலையில், எல்லாம் தன் மூளை செய்த வேலையாக இருக்கக்கூடாதா என்ற ஆசை கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீடு. செவ்ரானில் இருந்து வந்திருந்த இராஜதுரை என்ற பெரியவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பேச்சுவாக்கில் ஊர்ப் பெயர் வந்தது. பொறுப்பாளரைத் தெரியுமா என்று அவள் கேட்டாள்.

"தெரியுமோவோ? அவரைக் குழி வெட்டித் தாட்டதே நாங்கள்தான்."

"எப்ப?"

"ஏப்ரலிலை. கன சனம் அங்காலை போன அண்டைக்குப் பின்னேரம்."

அவள் வரிசையில் நின்ற பின்னேரம்.

"சனம் நிண்ட பக்கந்தான் வந்துகொண்டிருந்தவர். தோளிலை ஒரு சின்னப் பெட்டைப் பிள்ளை. அம்மாட்டைப் போறன் எண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தது. பிறகு செல் விழுந்தது. ரெண்டு பேரையும் பிரிக்க ஏலேல்லை. ஒண்டாய்த்தான் தாட்டனாங்கள்."

பெரியவர் கண்ணைத் துடைத்தார்.

"ஆரின்ரை பிள்ளையெண்டு இண்டைக்கும் தெரியாது."

"என்ரை பிள்ளை" என்றாள் நாகேஸ்வரி.