பதினொரு மணிக்கு எண்ணும் அக்கா

கடற்கொள்ளையையும் கடல்வழிப் பயங்கரவாதத்தையும் ஒழிக்க அண்டை நாடுகள் இரண்டும் சேர்ந்து செய்த மிகப் பெரிய காரியம் ஒரு தொலைபேசி. சிவப்பு நிறம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்துப் போனை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒண்ணு ரெண்டு அக்கா’ என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும்.

தினமும் காலை பதினொரு மணிக்கு அக்கா அந்தப் போனை எடுத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார். அந்தப் பக்கத்து ஆபரேட்டர் அதையே திருப்பிச் சொல்வார். லைன் நன்றாக இருக்கிறது என்று இருவரும் அவரவர் பதிவேட்டில் டிக் போடுவார்கள். எண்களைத் தவிர வேறொரு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி. வணக்கம் சொன்னால்கூட ரகசியம் கசிந்துவிடும் என்று ஒப்பந்தம் போட்ட அன்று யாரோ ஒரு புத்திசாலி பயந்திருக்கிறார். அதனால் அக்காவுக்கு அந்த மனிதரின் ஊர் தெரியாது, வயது தெரியாது. ஆனால் அவருக்குச் சளி பிடித்தால் தெரியும். வீட்டில் சண்டை என்றால் நாலிலிருந்து ஏழு வரை ஒரே மூச்சில் ஓடுவார், அதுவும் தெரியும்.

இதற்கு முன் அக்கா துறைமுகக் கோபுரத்தில் பன்னிரண்டு வருடம் வயர்லெஸ்ஸில் கப்பல்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தவர். தொண்டை அப்படி. அடுத்த அறையில் தூங்கும் கிளார்க்குகள் பதினொரு மணிக்கு அக்கா ‘ஒன்று’ என்றதும் எழுந்து, ‘பத்து’ என்றதும் டீ குடிக்கப் போவார்கள். அவர் வீட்டுக்காரர் இழுவைக் கப்பலில் மெஷின் பார்க்கிறவர். பதினைந்து நாள் கடல், பதினைந்து நாள் வீடு. வீட்டில் இருக்கிற பதினைந்து நாளும் நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பார். “எப்ப கிளம்புறீங்க?” என்று அக்கா கேட்டால் அது பிரிவுத் துயரம் இல்லை.

உண்மையான ஆபத்து வந்தால் சிவப்புப் போனைத் தொடக்கூடாது. அதற்கு ஏழாம் எண் படிவம் இருக்கிறது. நாலு பக்கம், மூன்று பிரதி. ‘சம்பவம் நடந்த இடம்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. இரண்டு நாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கடல் யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு நாடு அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதி, மற்றது அதை வாங்கிக்கொண்டால் எல்லையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். ஆகவே எல்லைக் குழு முடிவு சொல்லும்வரை கட்டத்தைக் காலியாக விடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்தக் குழு இன்னும் தலைவர் யார் என்றே முடிவு செய்யவில்லை. கொள்ளையர்களோ ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் போல அந்த இடத்தில் மட்டும்தான் தொழில் செய்தார்கள்.

ஒன்பதாம் ஆண்டு நிறைவு விழா அன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அக்காவின் அறையில் இருந்த வயர்லெஸ் கத்தியது. ஒரு இழுவைக் கப்பலின் மாலுமி.

“ஏழு பேர் ஏறிட்டாங்க! கையில அரிவாள் வச்சிருக்காங்க! மெஷின்காரர் கீழ உள்பக்கமா பூட்டிக்கிட்டாரு, கதவை இடிக்கிறாங்க!”

கப்பல் நின்ற இடத்தை டிகிரி, நிமிடம் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அக்கா எழுதிய தாளில் கடைசி எண் மட்டும் கோணலாக இருந்தது. கப்பலின் பெயரை அவர் எழுதவில்லை. அதுதான் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறதே.

சொந்த ரோந்துப் படகுகள் இரண்டு. ஒன்று பழுது. இன்னொன்று விழாவுக்கு வந்த விருந்தாளிகளைக் கடற்கரை ஓரமாகச் சுற்றிக் காட்டப் போயிருந்தது. அண்டை நாட்டு ரோந்துப் படகு ஒன்று சம்பவ இடத்திலிருந்து எட்டே கடல் மைலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அக்கா இயக்குநர் அறைக்கு ஓடினார். அவர் கண்ணாடி முன் நின்று டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் கடமை தவறாதவர். இருபத்தைந்தே நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிட்டார்.

“சார், இடம் போடலையே?”

“போட்டா அது அவங்க தண்ணின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்மா.”

“போடலைன்னா?”

“நம்ம தண்ணிய நாம விட்டுக் குடுக்கலைன்னு அர்த்தம்.”

“அந்தத் தண்ணி மேலதான் சார் என் வீட்டுக்காரர் இருக்காரு.”

இயக்குநரின் முகம் நிஜமாகவே வாடியது. “அதனாலதாம்மா மேல ‘மிக அவசரம்’னு சிவப்பு மையில எழுதியிருக்கேன். பாரு, ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன்.”

படிவம் ஃபேக்ஸில் போனது. பத்து ஐம்பதுக்குப் பதில் வந்தது: ‘தங்கள் ஏழாம் எண் படிவத்துக்கு நன்றி. உதவத் தயார். எங்கே என்று தெரிவிக்கவும்.’ இயக்குநர் அதைப் படித்துவிட்டு, “பாத்தியா, உடனே பதில் போட்டிருக்காங்க. ஒத்துழைப்புன்னா இதான்” என்றார்.

அதற்குள் விழாக் கூட்டம் அக்காவின் அறைக்குள் வந்துவிட்டது. அமைச்சர், அண்டை நாட்டுத் தூதர், நாலு கேமரா. நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக ‘நேரடித் தொலைபேசிச் செயல்விளக்கம்’. பதினொன்று அடித்தது. இயக்குநர் அக்காவின் காதருகே குனிந்தார்.

“முகத்தைத் துடைச்சுக்கம்மா. கேமரா இருக்கு. ஒண்ணுலேருந்து பத்து, அவ்வளவுதான்.”

அக்கா போனை எடுத்தார். ஒன்று என்று சொல்லவில்லை.

“பதினொன்று,” என்றார். “நாற்பத்திரண்டு.”

இயக்குநரின் கை டைக்குப் போனது. அக்கா நிறுத்தாமல் தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் துறைமுகக் குரலில் வாசித்தார். முடித்துவிட்டு மூச்சு வாங்கி, “ஏழு” என்றார். மறுபடியும், “ஏழு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் நாள் பத்து வரை எண்ணியவரிடம் திடீரென்று நாற்பத்திரண்டு என்றால் அவர் என்ன செய்வார், பாவம். அமைச்சர் புன்னகையை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருப்பது என்று தெரியாமல் தூதரைப் பார்த்தார்.

“பதினொன்று,” என்றது போன், மெதுவாக. “நாற்பத்திரண்டு.” எழுதிக்கொண்டே பேசுகிற குரல். எல்லா எண்களும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. கடைசியில் “ஏழு, ஏழு” என்று வேகமாகச் சொல்லிவிட்டு ஆபரேட்டர் போனை வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். “அருமையான தெளிவு,” என்றார் தூதர்.

பன்னிரண்டு மணிக்குள் அண்டை நாட்டுப் படகு அங்கே இருந்தது. ஏழு பேரும் கடலில் குதித்துத் தங்கள் படகில் தப்பினார்கள். மாலுமிக்குத் தோளில் வெட்டு. மெஷின் அறைக் கதவில் ஒரு கீல் மட்டும் மிச்சம்; உள்ளிருந்து அதைத் தாங்கிப் பிடித்த மெஷின்காரருக்குக் கையில் காயம். அண்டை நாட்டு அறிக்கை, தங்கள் படகு வழக்கமான ரோந்தில் தற்செயலாக அந்தப் பக்கம் போனதாகச் சொன்னது. இந்த நாட்டு அறிக்கை, ஏழாம் எண் படிவத்தின் மகத்தான வெற்றி என்றது. காப்பாற்றப்பட்டவர்களை எந்தக் கடலிலிருந்து காப்பாற்றினோம் என்று அண்டை நாட்டால் எழுத முடியாததால் அவர்களைத் திருப்பி அனுப்பப் பத்தொன்பது நாள் ஆனது. கொள்ளையர்கள் பிடித்திருந்தால் இதைவிடச் சீக்கிரம் விட்டிருப்பார்கள் என்று அக்கா கேண்டீனில் சொன்னார்.

இடையில் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. சோதனை அழைப்பில் எண்களை வரிசை மாற்றிச் சொன்னது ஏன்? இதற்கு எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்தால் விஷயம் இத்துடன் முடியும்.

வீட்டுக்காரர் திரும்பி வந்த அன்று, கையில் இன்னும் கட்டுடன், சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளைப் படித்தார்.

“வருத்தம்னு ஒரு வார்த்தைதானே? எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரேன்.”

“எதுக்கு வருத்தப்படணும்? நீங்க உயிரோட வந்ததுக்கா?”

அவர் தாடையைச் சொறிந்தார். “சில நாள் உனக்கு அப்படியும் தோணும்ல?”

“தோணும்,” என்றார் அக்கா. “இந்தப் பத்தொன்பது நாளா தோணல. மின்விசிறியில கை வைங்க, தோணுதான்னு பாக்கலாம்.”

அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தோள் நடுங்கியது, கொஞ்ச நேரம் நிற்கவில்லை. அக்கா அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்து, பன்னிரண்டு வருடம் கோபுரத்துப் பதிவேட்டில் கப்பல் பெயர்களை எழுதிய அதே கொட்டை எழுத்தில் பதில் எழுதினார்.

‘எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’