மேல்தீ ராஜையன்

இரும்புத் தகட்டின்மேல் சிரட்டைக் கனலைப் பரப்பும்போது ராஜையனிடம் யாரும் பேசக்கூடாது. மிஷன் பங்களாவின் குசினி அவருடைய ராஜ்ஜியம். கீழே தீ மூட்டி மீன் சமைக்கிறவர்களை அவர் மனுஷராகவே சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கில் அவர் மனைவி நேசம்மாளும் அடக்கம்.

முட்டத்திலிருந்து நெய்மீன் கொண்டுவரும் செசிலிக்கு இந்த வித்தை பிடிபடவே இல்லை.

“அண்ணே, மீனுக்க தலைக்கி மேல ஆராவது தீ வைப்பாவளா?”

“ஏட்டி, இது துரைமாரு தீனி. ஒனக்கு வெளங்காது. துண்டத் தடியா நறுக்கித் தந்துட்டுப் போ.”

துண்டுகளில் நல்லமிளகும் மஞ்சளும் உப்பும் பூசிக் கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்த காடியில் ஊறவைப்பார். கள்ளின் தீமையைப் பற்றி மிஷனரி துரை ஞாயிறுதோறும் தொண்டை கிழியப் பிரசங்கிப்பார். திங்களன்று இந்த மீனில் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கமாட்டார். “காடி வேற, கள்ளு வேற மக்கா” என்று ராஜையன் துரைக்காக வாதாடுவார்.

பங்களாவில் கடிகாரம் உண்டு. ராஜையன் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்குமுன் ஜெபம் நடக்கையில் வேலைக்காரர்களும் மேசையறை வாசலில் கண்மூடி நிற்கவேண்டும் என்பது துரைசானியின் சட்டம். ஆகவே மீனைத் தகட்டுக்கடியில் தள்ளிவிட்டு வந்து நிற்பார். துரை ஜெபித்து முடிப்பதற்கும் மீன் பொன்னிறமாவதற்கும் சரியாக இருக்கும். அந்த ஜெபத்தால் உலகத்துக்கு வேறென்ன நன்மை விளைந்தது என்று அவர் விசாரித்ததில்லை.

ஒருமுறை துரைக்கு ஜெபத்தில் உருக்கம் கூடிப்போய் மீன் கருகியது. இன்னொரு தடவை கருகினால் வேறு ஆள் பார்ப்பதாகத் துரைசானி சொல்லிவிட்டார். ஜெபத்துக்கு முன்னமே மீனைச் சுட்டு எடுத்துவைக்கலாமே என்று நேசம்மாள் கேட்டதற்கு, “நீ ஒனக்க கொழம்பப் பாரு” என்றார்.

போன வாரம் விருந்துக்கு வந்தவர் ஆபேல் உபதேசியார். அவரையே ஜெபிக்கச் சொன்னார் துரை. மீன் ஏற்கெனவே தகட்டுக்கடியில் இருந்தது. உபதேசியார் ஆதாமிலிருந்து தொடங்கினார். நோவா பேழைக்கு மரம் வெட்டும்போது குசினியிலிருந்து நல்ல வாசனை வந்தது. இஸ்ரவேலர் செங்கடலை நெருங்கும்போது அந்த வாசனையில் லேசாகப் புகை கலந்தது. துரைசானியின் மூக்கு சுருங்குவதை ராஜையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டார். வேலை போனால் இனி ஆயுளுக்கும் நேசம்மாளின் மீன்குழம்புதான். கூடவே அவள் பேச்சும். இஸ்ரவேலருக்கோ இன்னும் வனாந்தரம் முழுவதும் பாக்கி இருந்தது.

உபதேசியார் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

“ஆமென்!” என்று ஓடு அதிரக் கத்திவிட்டு, ராஜையன் குசினிக்கு ஓடினார்.