பால்கனிக் கம்பியின் கடினம்

எழுபதுகளின் கடைசியில், கூடலூரில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் மாடி வீட்டுப் பால்கனி இடிந்து விழுந்தது. மழைக்கு அதன் கீழே ஒதுங்கி நின்ற ஜீப் டிரைவர் அங்கேயே செத்துப்போனார். கட்டிய கொத்தனார்மேல் வழக்கு. கம்பி வாங்கிக் கொடுத்தவர் வியாபாரி. அது மட்டமான கம்பி என்றால் கொத்தனார் தப்பித்தார். நல்ல கம்பி என்றால் அவருக்கு ஜெயில். என் வீடு அல்லிநகரத்தில் என்பதால், "உங்க ஊர்ப்பக்கம்தானே" என்று நான் வேலை பார்த்த சோதனைச்சாலையிலிருந்து என்னையே அனுப்பினார்கள். என் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது காரணமாகக்கூட இல்லை.

சோதனை எளிது. சுவரோடு இன்னும் பிடிப்பாக இருக்கும் கம்பியில் ஒட்டிய காங்கிரீட்டைத் தட்டி நீக்கி, துருவைத் தேய்த்து, அரத்தால் கொஞ்சம் தட்டையாக்க வேண்டும். கருவியை அதன்மேல் வைத்தால், கடினம் எவ்வளவென்று முன்பே தெரிந்த ஓர் இரும்புத் துண்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சிறு எஃகு உருண்டை உட்காரும். சுத்தியலால் ஒரே அடி. இரண்டிலும் குழி விழும். லென்சில் அளந்து அட்டவணையைப் பார்க்க வேண்டியதுதான். துண்டில் விழுந்ததைவிடக் கம்பியில் விழுந்த குழி பெரிதாக இருந்தால் மட்டக் கம்பி.

ஜாமீனில் வந்திருந்த கொத்தனார் எதிரே குத்தவைத்திருந்தார்.

"பெருசாங்கய்யா?"

"சிறுசு."

"இன்னொன்னு அடிச்சுப் பாருங்கய்யா."

ஆறு இடத்தில் அடித்தேன். எல்லாம் சிறிய குழிதான். வாசலில் நின்ற வியாபாரி கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, நானே மதுரைக்குப் போயிப் பாத்து எடுத்த கம்பி. உன் புத்தி மாதிரி மழுங்கியிருக்கும்னு நெனச்சியா?"

கோளாறு கம்பியில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருந்தது. பால்கனிக்குக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். பாரத்தை இழுத்துப் பிடிப்பது அதுதான். இங்கே அடிப்பக்கத்தை ஒட்டிக் கிடந்தது. கொத்தனாரிடம் ஏன் என்று கேட்டேன்.

"மேலதான்யா கட்டுனேன். தளம் போட்ட அன்னைக்குப் பூசை முடிச்சு, வீட்டுச் சொந்தமெல்லாம் ஆளுக்கொரு சட்டி கலவை போட வந்தாக. அங்கன கம்பி மேலயே நின்னாக. மிதிபட்டு எறங்கிருச்சு. அவுக பெரியாத்தா நிக்கும்போது கீழ எறங்குங்கன்னு எப்படிய்யா சொல்றது?"

"போனப்புறம் தூக்கி விட்டிருக்கலாமே?"

"எங்கய்யா போனாக? போட்டோ எடுக்க நின்னாக. அதுக்குள்ள கலவை இறுகிப்போச்சு."

இரண்டு குழிகளின் அளவையும் இடம் மாற்றி எழுதினால் போதும், கம்பி மட்டமாகிவிடும். கூட வந்த போலீஸ்காரர் டீக்கடையில் இருந்தார். நான் சரியாகத்தான் எழுதினேன். நேர்மை என்று சொல்ல மாட்டேன். கை அப்படிப் பழகியிருந்தது.

அறிக்கையில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு. கம்பி அடியில் கிடந்ததையும், சொந்தக்காரர்கள் மிதித்ததாகக் கொத்தனார் சொன்னதையும் அதில் எழுதினேன். மேலதிகாரி முதல் வரியை அப்படியே விட்டு, இரண்டாவதைக் கோடு போட்டு அடித்தார்.

"பூசைக்கு வந்த கூட்டத்தோட கடினத்தையும் அளந்தீரா?" என்றார்.

கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்ற விதிப்படி அவர் சொன்னது சரி. நானே சுத்தப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கொத்தனாரை ஜெயிலுக்கு அனுப்பிய பிறகு, அவர் மனைவி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் அறிக்கையின் நகல். இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்லக் கேட்டார். வரிவரியாகச் சொன்னேன்.

"ஏறி மிதிச்சாகளே, அது எந்த வரியில இருக்கு?"

"அது இல்லம்மா."

"நீங்க எழுதலையா?"

"எழுதினேன். மேல உள்ளவுக அடிச்சுட்டாக."

"அடிச்ச பெறகு போட்ட கையெழுத்து யாரோடது?"

என்னுடையது என்றேன். அவர் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். என் மனைவி நீட்டிய தண்ணீரை வாங்காமல் படியிறங்கிப் போனார்.